பத்து நாள் மட்டும்

"பத்து நாள் மட்டும் விட்டுப் பாரேன்" என்று சொன்னவள் நான்தான். மூன்று தைப்பூசத்துக்கு முன்னால், கொடியேற்றத்துக்கு முதல் நாள் மாலை, மொரீஷியசின் ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் வைத்துச் சொன்னேன். தம்பி காவடிச் சட்டத்துக்கு மரம் இழைத்துக்கொண்டிருந்தான். அவன் தச்சன். இழைப்புளியை அவன் நிறுத்தவில்லை. ஆனால் அதுவரை நீளச் சுருளாக வந்துகொண்டிருந்த சீவல், அடுத்த இழுப்பில் துணுக்காக முறிந்து விழுந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் பேச்சை மாற்றவில்லை. "முருகன் பார்த்துக்கொள்வான் தம்பி" என்று வேறு சேர்த்துக்கொண்டேன்.

அன்று மதியம் கோவில் வளாகத்தில் பெரியவர் ஒருவர் சொன்ன சொல் என் காதில் நின்றுவிட்டிருந்தது. காவடி எடுப்பவர்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தவர், தம்பியின் பெயரில் விரலை வைத்து, "விரதம் என்றால் எல்லாவற்றையும் விட வேண்டும் அம்மா. உன் தம்பி இன்னும் ஒன்றை விடவில்லையே" என்றார். அவர் கோபமாகப் பேசவில்லை, அக்கறையாகத்தான் பேசினார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அக்கறையாகச் சொன்னதால் வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் சொன்ன அந்த ஒன்று, தம்பி ஒவ்வொரு நாள் காலையிலும் சிகிச்சை மையத்துக்குப் போய்க் குடிக்கிற மெத்தாடோன். ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள, அதற்குப் பதிலாகக் கொடுக்கிற மருந்து அது.

உண்மையைச் சொல்கிறேன். அவர் சொல்லுக்கு முன்பே அந்த எண்ணம் எனக்கும் இருந்தது. பதினைந்து ஆண்டுகளாக அவன் ஒழுங்காக வேலைக்குப் போவதையும், சம்பளத்தை மனைவி கையில் கொடுப்பதையும் பார்த்துக்கொண்டே, உள்ளுக்குள் ஒரு மூலையில், 'ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்திருக்கிறான், அவ்வளவுதானே' என்று நினைத்து வந்தேன். உறவினர்கள் கேட்கும்போது "விட்டுவிட்டான்" என்று சொல்வேன். சொல்லும்போதே பொய் சொல்வதுபோல் நாக்கு கூசும். பெரியவர் சொன்னது என் மனத்தில் ஏற்கெனவே இருந்த சொல்தான்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். மொரீஷியசின் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களைப் போல நாங்களும் வீட்டில் பேசுவது கிரியோல். அக்கா, தம்பி என்ற அழைப்புகள்தான் தமிழில் தங்கியிருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பிப்பவள் என்பதால் எனக்கு எழுத்துத் தமிழ் வரும். இந்த உரையாடல்களை அதில்தான் எழுதுகிறேன்.

எங்கள் தெரு

எங்கள் தீவுக்கு ஹெராயின் வந்த கதையை இங்குள்ளவர்களுக்கு விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. 1985-ஆம் ஆண்டின் கடைசி நாளில் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் நான்கு பேர் ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் ஹெராயின் வழக்கில் கைதானபோது நான் பள்ளி மாணவி. அப்பா வானொலியை அணைத்துவிட்டார். அது எங்கோ பெரிய மனிதர்களின் சமாச்சாரம் என்றுதான் நினைத்தோம். பத்து ஆண்டுகளுக்குள் அது எங்கள் தெருவில் நின்றது. இங்கே அதற்குப் 'பிரவுன்' என்று பெயர். அது கிடைக்காத வேளையில் உடம்பு படுகிற வதைக்கு 'யென்'. மாலையில் பந்து விளையாட ஒன்றுகூடுகிற பையன்களின் வாயில் இந்த இரண்டு சொற்களையும் முதலில் கேட்டது 1995 வாக்கில் இருக்கும். தம்பிக்கு அப்போது இருபத்தொரு வயது. அவனுடைய உயிர் நண்பன் ரொட்டிக் கடைக்காரரின் மகன். இருவரும் ஒரே நாளில் தொடங்கினார்கள் என்று பின்னாளில் தெரிந்தது. ஊசியும் ஒன்றுதான்.

2005-இல் இந்தச் சின்னத் தீவில் புதிதாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டவர்கள் 921 பேர். பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அது ஊசி வழியாக வந்தது. ரொட்டிக் கடைக்காரரின் மகன் அந்தக் கணக்குக்குள் வரவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே போய்விட்டான். கடைசி மாதங்களில் அவனைப் பார்க்கத் தெருவில் யாரும் போகவில்லை, நானும் போகவில்லை. தம்பிக்குத் தொற்று இல்லை. ஏன் இல்லை என்பதற்கு எந்தக் கணக்கும் கிடையாது.

2006-இல் அரசு மெத்தாடோன் திட்டத்தைத் தொடங்கியது. பழைய ஊசிக்குப் புது ஊசி மாற்றிக் கொடுக்கும் ஏற்பாடும் அந்த ஆண்டே வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் உலக சுகாதார நிறுவனம் மெத்தாடோனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்திருந்தது. தம்பி 2008-இல் சேர்ந்தான். முதல் வாரங்களில் அளவை மெல்ல மெல்லக் கூட்டினார்கள். அப்போது சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கண் செருகி உட்கார்ந்திருப்பான். வியர்த்துக்கொண்டே இருக்கும். அளவு நிலைப்பட்டதும் அதெல்லாம் நின்றது. இரண்டாம் மாதம் பட்டறையில் ஒருவரிடம் உளி கடன் வாங்கி, எங்கள் சமையலறையின் உடைந்த அலமாரிக் கதவைச் சரிசெய்தான். அந்தக் கதவு ஆறு ஆண்டுகளாக உடைந்து கிடந்தது.

அவனுடைய ஒவ்வொரு நாளும் தொடங்குவது மையத்தின் சாளரத்துக்கு முன்னால். ஓரிரு முறை அவனோடு போயிருக்கிறேன். காலை ஆறு மணிக்கே வரிசை நிற்கும். கட்டட வேலைக்குப் போகிறவர்கள், தலைக்கவசத்தைக் கையில் பிடித்தவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்த ஒரு பெண். செவிலியர் குறிப்பேட்டைப் பார்த்து அளந்து, சின்ன பிளாஸ்டிக் குவளையில் ஊற்றிக் கொடுப்பார். அவர் கண் முன்னாலேயே குடிக்க வேண்டும். அதே குவளையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அலசி, அதையும் குடிக்க வேண்டும். பிறகு, "உங்கள் பெயர்?" என்று கேட்பார். ஆண்டுக்கணக்காகத் தெரிந்த ஆளிடம் பெயர் கேட்பது எதற்கு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. மருந்தை வாயில் அடக்கிக்கொண்டு வெளியே போய்த் துப்பி விற்றுவிடக் கூடாது என்பதற்காக எல்லோரையும் பேசவைக்கிறார்கள். தம்பி பெயரைச் சொல்வான். செவிலியர் தலையசைப்பார். அடுத்தவர் வருவார்.

மூன்றாம் நாள் மாலை

கொடியேற்றத்தன்று காலை அவன் மையத்துக்குப் போகவில்லை. என்னிடம் சொல்லவுமில்லை. குளித்து, காப்புக் கட்டிக்கொண்டு, தரையில் பாய் விரித்து, பத்து நாள் விரதத்தைத் தொடங்கினான். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மெத்தாடோன் உடம்பில் ஒரு நாளுக்கும் மேலாகத் தங்கியிருக்கும் என்பதால் வதை தாமதமாகத்தான் வரும். இரண்டாம் நாள் கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தான். தரையில் படுத்துப் பழக்கமில்லை, தூக்கம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மாலை கோவிலில் முருகனுக்கு அபிஷேகம். பால் வழிந்து கருஞ்சிலை வெள்ளையாகி, மீண்டும் கருமையாகி வந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கமிருந்து தம்பியைப் பார்த்தேன். கைகூப்பி நின்றான். கைகளில் மயிர் ஒவ்வொன்றும் குத்திட்டு நின்றது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தபடியே இருந்தது. உடம்பு மெல்ல நடுங்கியது. மெய் சிலிர்த்து, கண்ணீர் பெருகி, உடல் நடுங்கி நிற்பதுதான் பேரன்பின் அடையாளம் என்று வகுப்பில் எத்தனை ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். புத்தகத்தில் மட்டும் படித்ததை முதன்முறையாக ஒரு மனித உடம்பில் பார்க்கிறேன் என்று எனக்கே தொண்டை அடைத்தது. பக்கத்தில் நின்ற அவன் மனைவியின் கையைப் பிடித்து, "பார், அவனைப் பார்" என்றேன்.

அவள் பார்த்தாள். என்னைவிட அவளுக்கு அந்த உடம்பு தெரியும். "அக்கா, அது யென்" என்றாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் தம்பி ஆண்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே ஓடினான். கோவிலின் பின்பக்கக் குழாயடியில் முழங்காலிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். முதுகைத் தடவினேன். சட்டை முழுக்க ஈரம், தோல் மட்டும் ஜில்லென்று கோழித்தோல்போல் இருந்தது. கொட்டாவி விடாமல் ஒரு வாக்கியம்கூட அவனால் பேச முடியவில்லை. "மூன்று நாள் ஆகிவிட்டது அக்கா. இன்னும் ஏழு" என்றான்.

அந்த ஏழு என்ற எண்ணை நான் மறக்க மாட்டேன். அவன் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். நான் சொன்ன பத்தை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

வீட்டுக்குக் கூட்டிவந்தோம். இரவு கால்கள் தாமாகவே உதைத்துக்கொண்டன. பாயில் ஒரு பக்கமும் படுக்க முடியவில்லை. பதினொரு மணிக்கு என்னைக் கூப்பிட்டு, "பட்டறைக்கு அடுத்த தெருவில் கிடைக்கும். எந்த வீடு என்று தெரியும். கதவைப் பூட்டிச் சாவியை நீ வைத்துக்கொள்" என்றான். பூட்டினேன். கதவில் முதுகைச் சாய்த்து விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். சாவியை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் அதன் பற்கள் பதிந்திருந்தன. அவன் ஒரே ஒரு முறைதான் எழுந்து வந்தான். என் எதிரில் நின்று, கையை நீட்டாமல், திரும்பிப் போய்ப் படுத்தான்.

காலையில் மையத்துக்கு அழைத்துப் போனேன். செவிலியர் குறிப்பேட்டைப் புரட்டினார். மூன்று கட்டங்கள் காலியாக இருந்தன. எங்களைத் திட்டவில்லை. மருத்துவர் பார்க்க வேண்டும், பழைய அளவை இன்று கொடுக்க முடியாது, குறைத்துத் தொடங்கிப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டேன். சில நாள் இடைவெளியிலேயே உடம்பின் தாங்கும் சக்தி இறங்கத் தொடங்கிவிடும், நேற்றுவரை வாழவைத்த அளவு இன்று மூச்சை நிறுத்தலாம் என்றார். தெருவில் கிடைப்பதும் அப்படித்தான். நேற்றிரவு அவன் அந்த வீட்டுக்குப் போய்ப் பழைய அளவில் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அந்த ஆண்டு தம்பி காவடி எடுக்கவில்லை. அவன் இழைத்த சட்டத்தை வேறொருவர் எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு படுக்கைகள்

அதன் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே படித்திருக்க வேண்டும். தம்பி தினமும் குடிக்கிற பொருளின் பெயர் தெரியும், அது எங்கிருந்து வந்தது, யார் யோசித்தது, எதை வைத்து நம்பினார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

நியூயார்க்கில் ராக்பெல்லர் ஆய்வு நிறுவனத்துக்குள்ளேயே ஒரு மருத்துவமனை உண்டு. 1910 முதல் இயங்குகிறது. சாதாரண மருத்துவமனை போல வருகிற நோயாளியை எல்லாம் சேர்க்கிற இடமல்ல. ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்துகிற நோயாளியைப் படுக்கையில் வைத்து, மாதக்கணக்கில் கவனிக்கிற இடம். அங்கே வின்சென்ட் டோல் என்ற மருத்துவர் உடற்பருமனை ஆராய்ந்துகொண்டிருந்தார். இளைத்தவர்கள் ஏன் மீண்டும் பருத்துவிடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, ஹெராயினை நிறுத்தியவர்கள் ஏன் மீண்டும் அதற்கே திரும்புகிறார்கள் என்ற கேள்வியும் அதே ஜாடையில் தெரிந்தது. 1964-இல் மேரி நைஸ்வாண்டர் என்ற மனநல மருத்துவரையும், மேரி ஜீன் கிரீக் என்ற இளம் மருத்துவரையும் சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். நைஸ்வாண்டர் அதற்கு முன் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில், போதை அடிமைகளுக்கான சிறை மருத்துவமனையில் பணியாற்றியவர். அங்கிருந்து வெளியே போனவர்கள் வரிசையாகத் திரும்பி வருவதைப் பார்த்தவர்.

முதலில் இரண்டே நோயாளிகள். தொடக்கத்தில் மார்பின் கொடுத்துப் பார்த்தார்கள். சில மணி நேரத்தில் அதன் வேகம் இறங்கிவிடும். ஒரு நாளில் பல ஊசி போட வேண்டியிருந்தது, அளவும் ஏறிக்கொண்டே போனது. இருவரும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து அடுத்த ஊசிக்காகக் காத்திருந்தார்கள். அது மட்டுமே அவர்களுடைய நாள். பிறகு மெத்தாடோனுக்கு மாற்றினார்கள். 1930-களின் இறுதியில் ஜெர்மானிய வேதியியலாளர்கள் உருவாக்கிய பழைய வலி மருந்து அது. சில வாரங்களில் ஒருவர் படம் வரையத் தொடங்கினார், ஓயாமல் வரைந்தார். மற்றவர் பாதியில் விட்ட பள்ளிப் படிப்பை முடிக்க வேண்டும் என்று மருத்துவர்களை நச்சரிக்கத் தொடங்கினார். தூரிகையைப் பற்றிய அந்தப் பத்தியைப் படித்தபோது எங்கள் சமையலறை அலமாரிக் கதவுதான் கண்முன் வந்து நின்றது.

காரணம் எளிமையானது. மார்பினும் ஹெராயினும் சட்டென்று ஏறி, சட்டென்று இறங்கும். ஏறும்போது மயக்கம், இறங்கும்போது யென். இரண்டுக்கும் நடுவில் வாழ்வதற்கு நேரமே கிடையாது. மெத்தாடோன் மெதுவாக ஏறி, ஒரு நாளுக்கும் மேலாக ஒரே மட்டத்தில் நிற்கும். மூளையில் அந்த வகைப் பொருள் போய் உட்காரும் இடங்களை அது நிரப்பிவைத்திருக்கிறது. அளவு நிலைப்பட்டவருக்குக் கிறக்கமும் இல்லை, வதையும் இல்லை. அந்த மருத்துவமனையிலேயே இதைச் சோதித்தார்கள். போதுமான அளவில் மெத்தாடோன் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஹெராயின் ஊசி போட்டுப் பார்த்தபோது அது ஏறவே இல்லை. 22 நோயாளிகளின் விவரத்தோடு 1965 ஆகஸ்ட்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் கட்டுரை வந்தது. போதைத் தடுப்பு அதிகாரிகள் டோலிடம் வந்து, இது சட்டத்துக்கு விரோதம் என்று மிரட்டினார்கள். வழக்குப் போடுங்கள், நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்வோம் என்றார் அவர். அவர்கள் போடவில்லை.

இந்தத் துறையின் ஆராய்ச்சி முழுவதும் இப்படிப் பெருமைப்படத் தக்கது என்று சொல்ல மாட்டேன். நான் குறிப்பிட்ட அதே லெக்சிங்டனில் ஓர் ஆய்வு மையமும் இருந்தது. அங்கே கைதிகள்மீதுதான் சோதனைகள் நடந்தன. சோதனைக்கு ஒத்துக்கொண்டவர்களுக்குக் கூலியாகப் போதை மருந்தையே கொடுத்திருக்கிறார்கள், தண்டனைக் குறைப்பும் உண்டு. மனிதன் எதற்கு அடிமையோ அதையே கையில் வைத்துக்கொண்டு அவனிடம் சம்மதம் வாங்குவதைச் சம்மதம் என்று நான் சொல்ல மாட்டேன். தம்பி திட்டத்தில் சேர்ந்த நாளில் அம்மா, "பிள்ளையைச் சோதனை எலி ஆக்கிவிடப் போகிறார்கள்" என்று அழுதாள். அவளுடைய அச்சத்தை அப்போது பட்டிக்காட்டுத்தனம் என்று ஒதுக்கினேன். ஒதுக்கியிருக்கக் கூடாது.

நான் பல நாள் விட்டு விலக முடியாமல் தங்கிப்போனது சுவீடன் நாட்டு உப்சாலா நகரத்து ஆய்வில். உல்லெராக்கர் மனநல மருத்துவமனையில் நடந்தது, 1981-இல் வெளியானது. ஹெராயினுக்கு அடிமையான 34 இளைஞர்களை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் இருபதை ஒட்டிய வயது. குலுக்கல் முறையில் 17 பேருக்கு மெத்தாடோன், 17 பேருக்கு மெத்தாடோன் இல்லாத வழக்கமான சிகிச்சை. இரண்டாம் குழுவினர் ஆய்வுக்காலம் முடியும்வரை மெத்தாடோன் கேட்டு விண்ணப்பிக்க முடியாது. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, முதல் குழுவில் 12 பேர் போதைப் பழக்கத்திலிருந்து வெளியே வந்து வேலையிலோ படிப்பிலோ இருந்தார்கள். இரண்டாம் குழுவில் ஒருவர். இருவர் இறந்துவிட்டிருந்தார்கள்.

இறந்த இருவருக்கும் அக்கா இருந்திருந்தால், குலுக்கலில் எந்தப் பக்கம் விழுந்தது என்ற செய்தியை அவள் எப்படிக் கேட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அந்த ஆய்வு இல்லாமல் உலகம் நம்பியிருக்காது என்பதும் எனக்குத் தெரிகிறது. இரண்டையும் ஒரே மனத்தில் வைத்திருக்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு இதைச் சொன்னேன். பட்டறையில் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டே கேட்டான். முடித்ததும் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் அவன் இரண்டாம் குழு" என்றான். யாரைச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். "நான் முதல் குழு. எங்களுக்குச் சீட்டுக் குலுக்கியது யார் அக்கா?" ரொட்டிக் கடைக்காரரின் மகன் இறந்தது 2004. மெத்தாடோன் வந்தது 2006. மரத்தூள் படிந்த அவன் இமைகளைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

குருக்களின் கேள்வி

மறு ஆண்டு தை பிறந்ததும் கோவில் குருக்களிடம் போனேன். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். அவரோடு தமிழில் பேசலாம் என்பதே எனக்குப் பாதித் தைரியம். நடந்தது முழுவதையும் சொன்னேன். டோல், உப்சாலா எல்லாவற்றையும் ஒப்பிப்பதற்காக ஒரு தாளில் குறித்தும் எடுத்துப் போயிருந்தேன். அவர் தாளைப் பார்க்கவில்லை.

"அதைக் குடித்ததும் உங்கள் தம்பி என்ன செய்வார்?" என்று கேட்டார்.

"பஸ் ஏறிப் பட்டறைக்குப் போவான்."

"கிறக்கம் உண்டா? பேச்சுக் குழறுமா?"

"ஆரம்பத்தில் சில வாரம் இருந்தது சுவாமி. இப்போது பல ஆண்டாக இல்லை."

"குடிக்காவிட்டால்?"

குழாயடியைச் சொன்னேன்.

"விரதத்தில் ஒதுக்கச் சொல்வது புத்தியை மயக்குவதை. இது அவர் புத்தியை நேராக வைக்கிறது என்கிறீர்கள். அப்புறம் என்னிடம் என்ன கேட்க வந்தீர்கள்?" என்றார்.

கோவிலை விட்டு வெளியே வந்து, கோர் தெ கார்த் மலையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அந்தப் பொருளுக்கு என்ன பெயர் என்று குருக்கள் கேட்கவில்லை. குடித்த மனிதன் என்ன செய்கிறான் என்று கேட்டார். 1964-இல் இரண்டு படுக்கைகளின் பக்கத்தில் நின்றவர்கள் பார்த்ததும் அதைத்தான். நானோ பதினைந்து ஆண்டும் 'விட்டானா, விடவில்லையா' என்ற ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் எல்லோரும் இன்றும் அதைத்தான் கேட்கிறார்கள்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுவது போலத்தானே என்று படித்தவர்கள் ஆறுதல் சொல்வதுண்டு. அந்த ஒப்புமை எனக்கு ஒட்டவில்லை. இன்சுலின் போடுகிறவரை யாரும் தினமும் விடியற்காலையில் வரிசையில் நிற்கவைத்து, விழுங்கிவிட்டாயா என்று பெயர் கேட்பதில்லை. தம்பிக்குப் பழனிக்கு ஒரு முறை போக வேண்டும் என்று ஆசை. தினமும் இங்கே வந்து குடிக்கிறவன் இரண்டு வாரம் எப்படி வெளிநாடு போவான்? எங்கள் பகுதியில் தைப்பூசக் காலமும் புயல் காலமும் ஒன்று. மூன்றாம் நிலை எச்சரிக்கை வந்தால் ஊர் முழுவதும் கதவை அடைத்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டும். மற்றவர்கள் கூரையை நினைத்துக் கவலைப்படுவார்கள், அவன் மறுநாள் காலை மருந்தை நினைத்துக் கவலைப்படுவான். மருந்து அவனுக்கு அவன் நாளைத் திருப்பிக் கொடுத்தது. அதைக் கொடுக்கிற முறை அந்த நாளின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டே இருக்கிறது. பதினைந்து ஆண்டாக ஒரு நாளும் தவறாமல் வந்தவனை, நான் சொல்லித் தவறிய அந்த மூன்று நாள் நீங்கலாக, இன்னும் கொஞ்சம் நம்பலாம் என்பது என் எண்ணம். விற்றுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதையும் அறிவேன். ஆனாலும் இதை எங்கே கேட்டாலும் சொல்வேன்.

பெரியவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. குருக்கள் சொன்னதைச் சொன்னபோது, "சாமிக்கு இளகிய மனசு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொடிக்கயிற்றைச் சரிசெய்யப் போய்விட்டார்.

தைப்பூசத்தன்று தம்பி நாலரைக்கு எழுந்து குளித்தான். ஆறு மணிக்கு வரிசையில் நின்றான், காவி வேட்டியோடு. ஏழரைக்கு ஆற்றங்கரையில் இருந்தோம். குருக்கள் அவன் நாக்கில் சின்ன வெள்ளி வேலைக் குத்தினார். கை நடுங்கவில்லை, அவனுடையதும் சரி, அவருடையதும் சரி. காவடிச் சட்டம் அவனே இழைத்தது. தென்னங்குருத்தும் செவ்வந்தியும் வைத்து மருமகள் கட்டியிருந்தாள். இரண்டு பக்கமும் பால் சொம்பு தொங்க வேண்டும். வலப்பக்கச் சொம்பில் எங்கள் வீட்டுப் பால். இடப்பக்கச் சொம்பை ரொட்டிக் கடைக்காரர் கொண்டுவந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார், கடையை மூடி வெகுநாளாயிற்று. சொம்பின் வாயைச் சுற்றி வாழையிலையை மடித்து நூலால் கட்ட முயன்று, முடிச்சு விழாமல் நின்றார். தம்பி நாக்கில் வேலோடு பேச முடியாமல், குனிந்து, அவர் விரல்மேல் தன் விரலை வைத்து முடிச்சை இறுக்கினான். தார் ரோடு கொதித்தது. கோவில்வரை பால் சிந்தவில்லை.

மறுநாள் காலை அவனோடு மையத்துக்குப் போனேன். அன்று புதன், பள்ளிக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லியிருந்தேன். செவிலியர் ஊற்றிக் கொடுத்தார். குடித்தான். தண்ணீர் விட்டு அலசி அதையும் குடித்தான். வழக்கம்போல் அவர் வாயெடுத்து, அவனுடைய வீங்கிய உதட்டைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"பேச வேண்டாம். வாயை மட்டும் திறங்கள்" என்றார்.

அவன் திறந்தான். நாக்கின் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, குறிப்பேட்டில் அன்றைய கட்டத்தில் கையொப்பமிட்டார்.